திக்கிப் பேசுவதை மாற்ற முயல்வதா, வாழ்நாள் இயல்பாக ஏற்பதா? வயதுவந்தோருக்கான ஓர் ஒப்பீடு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் திக்கிப் பேசும் இளைஞர்கள், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சிறு வயதில் சிகிச்சைக்குப் போயாயிற்று, சில காலம் பேச்சு சீரானது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. இப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது, வேலைக்கான நேர்காணல்கள் காத்திருக்கின்றன. இன்னொரு முறை சிகிச்சைக்குப் பணம் கட்டுவதா, அல்லது இது கடைசிவரை கூடவே வரும் என்று ஏற்றுக்கொண்டு ஆகவேண்டியதைப் பார்ப்பதா? நானும் பாலர் பள்ளிக் காலம் முதல் திக்கிப் பேசுபவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரே சொல்லில் பதில் தருவது எளிது. ஆனால் ஏற்றுக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. அதை முன்கூட்டிச் சொல்பவர்கள் குறைவு. சிகிச்சைக்கும் கட்டணச் சீட்டில் வராத செலவுகள் உண்டு. அவற்றையெல்லாம் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

## யாருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது

பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு இது பொருந்தாது. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும் பருவத்தில், ஏறக்குறைய 5 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் திக்குதல் தோன்றுகிறது. அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு அது பின்னர் மறைந்துவிடுகிறது. யாருக்கு மறையும், யாருக்கு நிலைக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆண் குழந்தையாக இருப்பது, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் திக்குதல் நிலைத்திருப்பது, தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியும் குறையாதிருப்பது ஆகியவை நிலைப்பதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிட்னியில் உருவாக்கப்பட்ட லிட்கம் முறை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகவே அமைந்தது. பேச்சுச் சிகிச்சையாளரின் வழிகாட்டலில் பெற்றோரே வீட்டில் அன்றாடம் அதைச் செய்கிறார்கள். இந்த வயதில் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதை விட, அரசாங்க மருத்துவமனையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் பெயரைப் பதிந்து வைப்பதே நல்லது. வரிசை நீளமாக இருந்தால், அதுவே சீக்கிரம் பதிவதற்கான காரணம்.

இதுவரை சரளமாகப் பேசிவந்த பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று திக்குதல் வந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பக்கவாதம், தலையில் பட்ட அடி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றால் அப்படி நேர்வதுண்டு. கீழே எழுதியிருப்பவை அனைத்தும் குழந்தைப் பருவத்தில் தொடங்கி, வயதுவந்த பின்னும் நீங்காத திக்குதலைப் பற்றியவை.

## கூடவே இருக்கும் என்று ஏன் சொல்கிறோம்

பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் திக்கிப் பேசுகிறார். அவர்களில் பெண் ஒருவருக்கு ஆண்கள் நால்வர் என்ற அளவில் இருக்கிறார்கள். இது பயத்தால் வருவதன்று, பிறரைப் பார்த்துப் பழகியதால் வருவதுமன்று. பேச்சின் கால ஒழுங்கை நடத்தும் மூளைப் பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்பிழைகளும் சிறு வயதிலேயே சற்று வேறுவிதமாக அமைந்துவிடுவதால் ஏற்படுவது. ஒரே குடும்பத்தில் பலர் திக்கிப் பேசுவதைப் பாகிஸ்தானில் ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர்கள், 2010இல் திக்குதலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை முதன்முறையாக அடையாளம் கண்டார்கள். எல்லாருடைய திக்குதலையும் அந்த மரபணுக்கள் விளக்கிவிடவில்லை என்றாலும், காரணத்தைப் பெற்றோரின் வளர்ப்பில் தேடும் பழக்கத்துக்கு அவை ஒரு முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும்.

வைக்கவில்லை என்பதுதான் வருத்தம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாமும் திக்கிப் பேசியவரான வெண்டல் ஜான்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் குறையென்று சுட்டிக்காட்டுவதே திக்குதலாக மாறுகிறது என்ற கருத்தைப் பரப்பினார். அந்தக் கருத்தை ஒட்டி 1939இல் அயோவாவில் ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகளிடம், அவர்களுடைய பேச்சில் குறை இருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒரு சோதனை நடத்தப்பட்டது. அக்குழந்தைகள் திக்குவாயர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் பேசவே கூசும் குழந்தைகளாகச் சிலர் ஒடுங்கிப்போனார்கள். அயோவா பல்கலைக்கழகம் 2001இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. நம் வீடுகளில் அந்தப் பேராசிரியரின் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் "சின்ன வயசுல நீ அதட்டுனதாலதான் இப்படி ஆயிட்டான்" என்று பாட்டி அம்மாவைக் குற்றஞ்சாட்டும் குரல் செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் இன்னும் கேட்கிறது. தாய் தன்னைக் குற்றவாளியாக எண்ணிக்கொண்டிருக்கும் வரை, மகனுடைய திக்குதல் நிலையானது என்று அவரால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒப்புக்கொண்டால் தண்டனை உறுதியானதுபோல் ஆகிவிடும். சிகிச்சை தேடும் ஓட்டம் பல குடும்பங்களில் நிற்காததற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

குடும்பத்தாரைக் குழப்பும் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை கோயிலில் தேவார வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடும்போது திக்காத பையன், வகுப்பு முடிந்ததும் தன் பெயரைச் சொல்லத் திணறுகிறான். "பாடும்போது வருகிறதே, பேசும்போது மட்டும் ஏன் வரவில்லை, மனம் வைத்தால் முடியும்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சேர்ந்து ஓதும்போதும் பாடும்போதும் திக்குதல் பெரும்பாலும் மறைந்துவிடுவது உலகெங்கும் காணப்படும் நிகழ்வு. பிறர் குரலும் தாளமும் வெளியிலிருந்து கால ஒழுங்கைத் தந்துவிடுகின்றன. தனியே பேசும்போது அதை மூளையே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மன உறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

## எவற்றைக் கொண்டு அளப்பது

எத்தனை முறை திக்கினோம் என்பது மட்டும் அளவுகோலானால் ஒப்பீடு தொடங்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். பேசும் நொடியில் கவனத்தில் எவ்வளவு பேச்சின் வடிவத்துக்குப் போகிறது, எவ்வளவு சொல்லவந்த செய்திக்கு மிஞ்சுகிறது? கிடைத்த பலன் ஓராண்டு கழித்தும் நிற்குமா? பணமும் நேரமும் எவ்வளவு? பேச்சு மோசமாக அமையும் நாளில் அந்த வழி கைகொடுக்குமா, காலை வாருமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வழியில் போகும்போது வாழ்க்கை விரிகிறதா, சுருங்குகிறதா?

## யாரும் பெயர் சொல்லாத வழி: மறைத்துக்கொள்ளுதல்

சிகிச்சையா, ஏற்பா என்று கேட்பவர்களில் பலர் உண்மையில் நடந்துகொண்டிருக்கும் பாதை இவை இரண்டுமல்லாத வேறொன்று. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், இரவு பத்து மணிக்கு நண்பர்கள் நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆர்டர் எடுக்க வந்தவர் இவன் பக்கம் திரும்புகிறார். இவனுக்கு வேண்டியது தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர். அந்த முதல் ஒலி வராது என்று நாக்குக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வாயிலிருந்து வருவது "மைலோ ஐஸ்". அது வந்ததும் அவன் குடிக்கிறான், மேசையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இப்படி ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல், தொலைபேசிக்குப் பதில் குறுஞ்செய்தி, கூட்டத்தில் கேள்விக்குப் பதில் புன்னகை என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மும்மொழிச் சூழல் இதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது: தமிழ்ச்சொல் அடைத்தால் மலாய்ச் சொல், அதுவும் அடைத்தால் ஆங்கிலம். கேட்பவர் அதைக் கோலாலம்பூர்ப் பேச்சு என்று எடுத்துக்கொள்வார்.

பணச் செலவு இல்லை, வெளிக்காயமும் இல்லை. ஆனால் மேற்சொன்ன மற்ற அளவுகோல்கள் அனைத்திலும் இது தோற்கிறது. கவனம் முழுவதும் அடுத்த சொல்லில் இருக்கும் ஆபத்தைத் துழாவுவதிலேயே போகிறது. மாற்றுச் சொல் இல்லாத இடம் வந்தால் எல்லாம் சரிகிறது. சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. வாழ்க்கை சுருங்குவதும் இங்கேதான். படிப்பைத் தேர்வதிலும் வேலையைத் தேர்வதிலும், பிடித்ததை விட்டுப் பேசத் தேவையில்லாததை எடுத்துக்கொள்கிறார்கள். திக்குதலுக்காகச் சிகிச்சை நாடிவரும் பெரியவர்களிடம் சமூக அச்சக் கோளாறு பொதுமக்களை விட வெகுவாக மிகுந்து காணப்படுவதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஒளிந்து வாழ்வதற்கும் அந்த அச்சத்துக்கும் உள்ள உறவைத் திக்கிப் பேசுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆபத்தான சூழலில், கேலி செய்யும் மேலதிகாரி முன்னால், ஒரு நாளைக் கடத்த மறைத்தல் உதவலாம். அதைத் தாண்டி இதற்காகப் பரிந்து பேச என்னிடம் ஒன்றுமில்லை.

## முதல் வழி: சரளத்தை நாடுதல்

இந்த வழியில் புதிதாகப் பேசக் கற்பதுபோலப் பேச்சு மறுபடி கட்டப்படுகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைக் குரல்வளை இறுகாமல் மெல்லத் தொடங்குவது, ப, த, க போன்ற ஒலிகளில் உதட்டையும் நாக்கையும் லேசாகத் தொட்டு விடுவது, ஒலிகளை நீட்டி இழைத்துப் பேசுவது, மூச்சைச் சீராக்குவது ஆகியவை அடிப்படைப் பயிற்சிகள். முதலில் மிக மெதுவாகவும் பிறகு படிப்படியாக இயல்பு வேகத்துக்கும் கொண்டுவருவார்கள். ஆஸ்திரேலியாவில் உருவான கேம்பர்டவுன் முறை இவ்வகையைச் சேர்ந்தது. இணையக் காணொளி வழியாகவும் நடத்தப்படுகிறது என்பதால் மருத்துவமனைக்கு அடிக்கடி போக முடியாதவர்களுக்கும் எட்டக்கூடியது.

விரைந்து பலன் தெரிவது இதன் வலிமை. சிகிச்சை அறையில் சில வாரங்களிலேயே ஒருவர் திக்காமல் பேசுவதைக் கேட்கலாம், பெற்றோர் கண்கலங்குவார்கள். ஆனால் அறைக்கு வெளியே நடப்பது வேறு. ஒவ்வோர் அசையையும் கண்காணித்தபடி பேசுவது, வாகன நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டே கணக்குப் போடுவதைப் போன்ற உழைப்பு. களைப்பிலும் கோபத்திலும் அவசரத்திலும் அந்தக் கண்காணிப்பு தளர்கிறது, பழைய பேச்சு திரும்புகிறது. இப்படித் திரும்புவது இவ்வகைச் சிகிச்சையில் பரவலாகக் காணப்படுவது. ஆனால் முன்கூட்டி அதைச் சொல்லாவிட்டால், "எனக்குத்தான் ஒழுங்காகப் பயிற்சி செய்யத் தெரியவில்லை" என்ற புது அவமானத்தைத் திக்குதலோடு சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. குரல் ஏற்ற இறக்கமின்றித் தட்டையாகிப்போவதும் ஒரு குறை. "திக்கினாலும் பரவாயில்லை, உன் குரலில் பேசு" என்று மனைவி சொன்னதாகப் பினாங்கு நண்பர் ஒருவர் சொன்னார்.

நம் ஊருக்கே உரிய மறைசெலவு மொழியில் இருக்கிறது. பயிற்சி ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கிறது. வீட்டிலும் உறவிலும் பேச்சு தமிழில். ஒரு மொழியில் கற்ற நுட்பம் மற்றொன்றுக்குத் தானாக வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது, தமிழில் தனியாகப் பழக வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை அரசாங்க மருத்துவமனையில் மலேசியர்களுக்குச் செலவு சில வெள்ளிகளே (ரிங்கிட்). ஆனால் அமர்வுகளுக்கிடையே இடைவெளி நீளும். தனியார் நிலையங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அமர்வு நூறு வெள்ளிக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. அமர்வுகள் பல தேவைப்படும் என்பதை மனத்தில் வைத்துக் கணக்கிட வேண்டும்.

காதில் பொருத்தி, நம் குரலைச் சற்றுத் தாமதப்படுத்தியோ சுருதி மாற்றியோ நமக்கே கேட்கச் செய்யும் கருவிகளும் உண்டு. சிலருக்கு அவை நன்றாக உதவுகின்றன, சிலருக்குச் சிறிதும் இல்லை. தொடக்கப் பலன் நாளடைவில் தேய்வதும் உண்டு. விலை அதிகம் என்பதால் சில வாரம் பயன்படுத்திப் பார்க்காமல் வாங்கக்கூடாது. மருந்துகளில், திக்குதலுக்கென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த ஒன்றுகூட இல்லை. நாக்கில் வசம்பு தேய்ப்பதும் கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்வதும் திக்குதலை மாற்றுவதில்லை. கூழாங்கல் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொள்வது குடும்பத்தின் மனத்துக்கு ஆறுதல் தருமானால் அதில் குறுக்கிட எனக்கு உரிமையில்லை. ஆனால் இத்தனை நாளில் முழுக் குணம் என்று உத்தரவாதம் தந்து முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிட வேண்டும்.

சரளத்தை நாடுவது எப்போது சரியான தேர்வு? வரையறுத்த ஒரு தேவை முன்னால் இருக்கும்போது: பட்டமளிப்பில் வாசிக்க வேண்டிய உரை, வேலையில் தினமும் சொல்ல வேண்டிய சில வாக்கியங்கள், பேச்சுத் தேர்வு. பயிற்சியில் இயல்பாகவே நாட்டமுள்ளவர்களுக்கும், திக்குதல் மிகக் கடுமையாக இருந்து அடிப்படைச் செய்தியைக்கூடச் சொல்ல முடியாதவர்களுக்கும் இது கைவசம் இருக்க வேண்டிய கருவி.

## இரண்டாம் வழி: திக்குதலை இலகுவாக்குதல்

தாமே கடுமையாகத் திக்கிப் பேசியவரான சார்ல்ஸ் வான் ரைப்பர் (1905–1994) மிச்சிகனில் வளர்த்தெடுத்த முறை இது. இதில் திக்காதிருப்பது நோக்கமன்று. இறுக்கமும் போராட்டமும் இன்றித் திக்குவதே நோக்கம். முதலில் தன் திக்குதலைக் கண்ணாடியிலும் ஒலிப்பதிவிலும் பார்த்துக் கேட்டு அடையாளம் காண வேண்டும்: கண்ணை எங்கே மூடுகிறேன், தாடையை எப்போது நெரிக்கிறேன், எந்த இடத்தில் மூச்சை அடைக்கிறேன் என்று. பிறகு அதன்மேல் உள்ள கூச்சம் குறையும்படி, வேண்டுமென்றே திக்கிப் பழக வேண்டும். கடைசியாகத் திக்கிய சொல்லை நிறுத்தி மறுபடி இலகுவாகச் சொல்வது, திக்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கத்தைத் தளர்த்தி வெளியேறுவது, வரப்போகும் தடையை முன்னறிந்து மென்மையாக நுழைவது என்ற மூன்று நுட்பங்கள். திக்காதிருக்கச் செய்யும் முயற்சிதான் திக்குதலில் பெரும்பகுதி என்று கருதிய ஜோசப் ஷீஹனும் இதே திசையில் சிந்தித்தவர். அவரும் திக்கிப் பேசியவரே.

தொடக்கத்தில் திக்குதல் கூடியதுபோல் தெரியும் என்பதுதான் இதன் முதல் மறைசெலவு. இதுவரை சொற்களை மாற்றித் தப்பித்தவர், இப்போது வேண்டிய சொல்லையே சொல்லத் துணிகிறார், அதனால் வெளிப்படையாகத் திக்குகிறார். பணம் கட்டி அனுப்பிய அப்பா, "போறதுக்கு முன்ன நல்லாத்தானே பேசுன?" என்று கேட்பார். வீட்டாரிடம் முன்பே பேசி வைக்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஆள் கிடைப்பது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் கோலாலம்பூரில் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கிய பின்னர்தான் உள்நாட்டிலேயே பேச்சுச் சிகிச்சையாளர்கள் பயிற்சி பெற்று வரத் தொடங்கினார்கள். இன்றும் அவர்களுடைய நேரத்தின் பெரும்பகுதி பேச்சு தாமதமான குழந்தைகளுக்கும், பக்கவாதத்துக்குப் பின் விழுங்கவும் பேசவும் சிரமப்படுபவர்களுக்கும் போகிறது. பெரியவர்களின் திக்குதலில் தோய்ந்தவரை, அதிலும் தமிழ் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது கடினம். தமிழ் தெரிந்திருப்பதை விடத் திக்குதலில் அனுபவம் இருப்பதற்கே நான் முதலிடம் தருவேன்.

பலன் நிலைப்பதிலும், மோசமான நாளில் கைகொடுப்பதிலும் இந்த வழி முதல் வழியை விட உறுதியானது. திக்கினால் தோல்வி என்ற கணக்கே இதில் இல்லாததால், பழைய பேச்சு திரும்பி வந்தாலும் கட்டியது சரிந்துவிடுவதில்லை. சொல் அடைத்து முகம் கோணும் அளவுக்குப் போராடுபவர்களுக்கும், மறைத்தே பழகியவர்களுக்கும் இதுவே பொருத்தமானது. அச்சம் மேலோங்கியிருந்தால், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை தரும் உளவியலாளரின் துணையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பேச்சு நுட்பம் மட்டும் அந்த அச்சத்தைத் தொடாது.

## மூன்றாம் வழி: வாழ்நாள் இயல்பாக ஏற்றல்

என் திக்குதல் என்னோடு இருக்கும். அது போகும் நாளுக்காக எதையும் ஒத்திப்போட மாட்டேன் என்று முடிவு செய்வதே ஏற்றல். முடிவெடுத்ததும் செய்ய வேண்டியவை மிகவும் சாதாரணமானவை, ஆகவே கடினமானவை. தே தாரிக் வேண்டுமானால் எத்தனை நொடி எடுத்தாலும் தே தாரிக் என்றே சொல்வது. தொலைபேசியில் மறுமுனை "ஹலோ, ஹலோ" என்று அவசரப்பட்டுத் துண்டித்தால் மறுபடி அழைப்பது. நேர்காணலின் தொடக்கத்திலேயே, "நான் திக்கிப் பேசுபவன், சில சொற்களுக்கு நேரம் எடுக்கும், சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பேன்" என்று தெரிவிப்பது. இதை மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லக்கூடாது. தகவலாகச் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் நல்லெண்ணம் உண்டாவதையும், மன்னிப்புக் கேட்கும்போது அந்தப் பலன் கிடைக்காததையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் அனுபவமும் அதுவே.

இதன் செலவு பணத்தில் இல்லை. ஒவ்வொரு புதிய அலுவலகத்திலும் ஒவ்வொரு புதிய மனிதரிடமும் மறுபடி மறுபடி தெரிவிக்க வேண்டியிருப்பது ஒரு களைப்பு. தெரிவித்த பின்னும் வேலை கிடைக்காமல் போகலாம், காரணம் ஒருபோதும் தெரியவராது. திருமணப் பேச்சில் இது இன்னும் கூர்மையாகும்: "முதலில் சொல்ல வேண்டாம், நேரில் பார்க்கும்போது கொஞ்சம் குறைவாகப் பேசு" என்று உறவினர் அறிவுரை தருவார்கள். ஏற்றுக்கொண்டவர் அந்த அறிவுரையை மறுத்தாக வேண்டும், குடும்பத்தின் மனக்கசப்பையும் தாங்க வேண்டும். ஒருநாள் முழுக் குணம் வரும் என்று இத்தனை ஆண்டுகள் வைத்திருந்த நம்பிக்கையைக் கைவிடுவதில் துக்கமும் உண்டு. அந்தத் துக்கத்துக்கு இடம் கொடுக்காமல் உற்சாகமாகப் பேசுபவர்களின் ஏற்பு நெடுநாள் தாங்குவதை நான் பார்த்ததில்லை.

இந்த வழிக்கு இரண்டு போலிகள் உண்டு. ஒன்று, பிறர் நம் சார்பில் ஏற்றுக்கொள்வது. "அவன் அப்படித்தான், விடுங்க, நானே சொல்லிடுறேன்" என்று அண்ணன் முந்திக்கொண்டு விடை சொல்வது அன்பால்தான். ஆயினும் அதன் பொருள், இவன் பேச வேண்டாம் என்பதே. மற்றொன்று, மறைத்தலுக்கு ஏற்பு என்று பெயர் வைத்துக்கொள்வது. "எனக்கு இதில் வருத்தமே இல்லை" என்று சொல்லியபடி, வங்கிக்கு அழைக்க வேண்டிய அழைப்பைத் தங்கையிடம் தள்ளிவிடுபவர் இன்னும் ஏற்கவில்லை. உண்மையான ஏற்பில் பேசும் வாய்ப்புகளின் எண்ணிக்கை கூட வேண்டும். கூடவில்லை என்றால் வேறு எதுவோ நடந்துகொண்டிருக்கிறது.

சட்டத்தின் பக்கம் ஒன்று. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிந்துகொள்ளும் பிரிவுகளில் பேச்சுக் குறைபாடும் ஒன்று. பதிவு கட்டாயமன்று, மருத்துவரின் மதிப்பீடு தேவை, இலேசான திக்குதலுக்கு அது கிடைக்கும் என்று எண்ண முடியாது. அரசாங்க வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1 விழுக்காடு ஒதுக்கும் கொள்கை இருப்பதால், கடுமையாகத் திக்கிப் பேசுபவர்கள் விசாரித்துப் பார்ப்பதில் தவறில்லை. பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவதும் திக்குதலை ஏற்பதும் ஒன்றல்ல. ஒன்று இல்லாமலேயே மற்றொன்று இருக்கலாம்.

தனியாக இந்த வழியில் நடப்பது மிகவும் கடினம். அனைத்துலகத் திக்குதல் விழிப்புணர்வு நாள் 1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 22இல் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி இணைய வழியில் கூடும் திக்கிப் பேசுபவர்களோடு ஒரு முறையாவது சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எல்லாரும் திக்கும் ஓர் இடத்தில் யாரும் யாருடைய வாக்கியத்தையும் முடித்து வைப்பதில்லை.

## யாருக்கு எது

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் அரசாங்கத் தேர்வு) எழுதப்போகும் மாணவர்: 2021 தேர்விலிருந்து மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் தனிப் பேச்சுத் தேர்வு உண்டு. முதல் வழியின் சில நுட்பங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயிலலாம். அதைவிட முக்கியம், சிறப்புத் தேவையுள்ள தேர்வர்களுக்கான ஏற்பாடு தமக்குப் பொருந்துமா என்பதைச் சிகிச்சையாளரின் அறிக்கையோடு பள்ளி வழியாக ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது.

வேலை தேடும் பட்டதாரி: மூன்றாம் வழியை முன்னால் வைத்து, இரண்டாம் வழியின் பயிற்சியைத் துணையாகக் கொள்ளலாம். நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் புதிதாகச் சரளப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். அரைகுறை நுட்பம் கவனத்தைத் தின்றுவிடும்.

பல சுற்றுச் சிகிச்சை முடித்து முப்பதைத் தாண்டியவர்: இன்னொரு சுற்றுக்குப் பணம் கட்டுமுன், கடந்த ஓராண்டில் திக்குதலுக்காகத் தவிர்த்தவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். பட்டியல் நீளமாக இருந்தால் தேவைப்படுவது சரளம் அன்று, தவிர்த்தலைக் குறைக்கும் சிகிச்சை. பட்டியல் குறுகியது என்றால் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

வழிகள் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பது இதற்குள் விளங்கியிருக்கும். ஆனால் வரிசை முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. திக்குதலை வெறுத்தபடி கற்ற நுட்பம் மறைப்பதற்கான இன்னொரு கருவியாகவே முடிகிறது. ஏற்ற பிறகு கற்றால், விரும்பும்போது எடுத்து விரும்பாதபோது வைக்கக்கூடியதாக அமைகிறது. அதனால் தயங்கி நிற்பவர்களிடம் ஏற்பிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அதற்குப் பின்னும் நுட்பம் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போகலாம்.

அப்படிப் போகும்போது முதல் சந்திப்பிலேயே சிகிச்சையாளரிடம் மூன்றைக் கேளுங்கள். பெரியவர்களின் திக்குதலில் எவ்வளவு அனுபவம் உண்டு? பலன் என்று எதைக் கணக்கிடுகிறார்: திக்கிய எண்ணிக்கை குறைவதையா, தவிர்த்தவை குறைவதையா? சில அமர்வுகளையாவது அறைக்கு வெளியே, உண்மையான தொலைபேசி அழைப்புகளோடும் முன்பின் தெரியாதவர்களோடும் நடத்துவாரா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொல்பவர் கிடைத்தால், தொலைவில் இருந்தாலும் அவரிடமே போகலாம்.